துணி தொங்கும்வரை

ஜூலை 7, திங்கள்

பூனா கசார்வாடியில் முதல் நாள் படப்பிடிப்பு. மூன்றாவது மாடியில் வாடகைக்கு எடுத்த வீடு. நெரிசலான நகரத்தில் எதிரெதிர் பால்கனியில் நிற்கும் இரண்டு பேர், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காதலிக்கிறார்களாம். இயக்குநர் சோனியாவின் படத்தில் வசனமே கிடையாது. ஒலிப்பதிவு நான். சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். காலையிலேயே அந்த நினைப்பில் மண் விழுந்தது.

ஹெட்போனில் பக்கத்து வீட்டுக் குரல். அதுவும் தமிழில். "வெண்டைக்காய்னு வாங்கியாந்தா ஒண்ணாச்சும் ஒடியுதா பாரு. காய் விக்கிற பாஜிக்காரன் முத்தலா தலையில கட்டிட்டான்."

கட். மறுபடி எடுத்தோம். மறுபடி வெண்டைக்காய். சோனியா என்னை முறைத்தாள். உன் பாஷைதானே, நீயே போய்ச் சொல்லு என்றாள்.

ஜூலை 8

பெயர் சரசா. ஈரோட்டுப் பக்கம். கணவர் கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் இருந்தவர். போய்ச் சேர்ந்து பல வருடம். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஃபோன்கூட அலமாரியில் கிடந்தது.

"யார்கிட்டம்மா பேசிட்டிருந்தீங்க?"

"யாருமில்ல கண்ணு. பேசாட்டி வாய்க்கு மறந்து போயிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கண்ணாடியோடுதான் பேசுகிறேன்.

ஓர் ஏற்பாடு செய்தேன். என் சிவப்புத் துப்பட்டாவை வராந்தாக் கம்பியில் கட்டுவேன். அவருடைய சமையலறை சன்னலுக்கு அது தெரியும். துணி தொங்கும்வரை சத்தம் கூடாது, எடுத்துவிட்டால் பேசலாம்.

"எனக்கும் சினிமால ஒரு வேலை குடுத்துட்ட," என்றார்.

ஜூலை 10

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த வாயை மூட ஒரு துப்பட்டா போதுமாக இருக்கிறது. குக்கர்கூட வைப்பதில்லை. துணியை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். சோனியாவுக்கு ஏக மகிழ்ச்சி.

இன்று மதியம் எடுக்க மறந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் நினைவு வந்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் — முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண்ணெல்லாம் நீர். இருமலை அடக்கிக்கொண்டிருந்தாராம்.

"இருமறதுக்கு என்னம்மா?"

"துணி தொங்குச்சே கண்ணு."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன்? தெரியவில்லை.

ஜூலை 12, சனி

இந்த வீட்டில் கடைசி நாள். எப்போதும்போல முடிவில் எல்லோரும் அசையாமல் நிற்க, எடிட்டிங்கில் தேவைப்படும் என்று அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்தேன். மழை விட்டிருந்த நேரம். அப்படியோர் அமைதி இதுவரை கிடைத்ததில்லை. சோனியா ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, இதுதான் என் படம் என்றாள்.

மழை மறுபடி பிடித்துக்கொள்ள, பெட்டிகளை அள்ளிக்கொண்டு இறங்கினோம். கேமரா உதவியாளன் தருண் படியில் காத்திருந்தான். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். "நாளைக்கு... கடக்வாஸ்லா டேம் வர்றியா? என் டமில் கச்சரா, குப்பை, தெரியும். ஆனா வா," என்றவன், இப்போது வீட்டில் விடுகிறேன் என்று ஹெல்மெட்டை நீட்டினான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்க்காமல் பைக்கில் ஏறிவிட்டேன்.

ஜூலை 13

அணைக்கரை. எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்த சோளக்கதிர். நன்றாக நனைந்தோம். எவ்வளவு பேசியிருக்கிறேன், தொண்டையே கட்டிவிட்டது. சந்தோஷம் — எழுதிப் பார்க்கிறேன் — ஆமாம், சந்தோஷம்தான்.

ஜூலை 14

சிவப்புத் துப்பட்டாவைக் காணோம். அந்தக் கம்பியிலேயே விட்டுவிட்டேன் போல. போகட்டும், பழசு.

ஜூலை 16, புதன்



வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். படியேறும்போது எல்லாச் சத்தமும் இருந்தது — கீழே இஸ்மாயில் பாயின் லேத் பட்டறை, பிள்ளைகள், யார் வீட்டு டிவியோ. அந்த ஒரு குரல் மட்டும் இல்லை. துப்பட்டா கம்பியில் நனைந்து தொங்கியது.

உருவினேன். நின்றேன். பேச்சு தொடங்கவில்லை. கதவைத் தட்டினேன், தட்டினேன். அய்யோ, எதுக்குடி மறந்த? அந்தத் துணி ஞாபகம் வந்துச்சே, அந்தம்மா ஞாபகம் வரலியே உனக்கு?

இஸ்மாயில் பாய் ஓடி வந்து தாழ்ப்பாளை உடைத்தார். சரசாம்மா சமையலறைத் தரையில் கிடந்தார். இடுப்பு முறிந்திருக்கிறது, திங்கட்கிழமையே விழுந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் வந்திருப்பேனே என்று பாய் ஹிந்தியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். எப்படிக் கொடுப்பார்? அவர் கிடந்த இடத்திலிருந்து சன்னல் வழியே அந்தக் கம்பி தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் வசனமே இல்லாத படம். நடக்கிறதா முடிந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. "முடிஞ்சுதா கண்ணு?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தருண் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

சோனியா அந்த அமைதியைக் கடைசிக் காட்சியில் வைத்திருக்கிறாளாம். பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்களாம்.

சரசாம்மாவை அவர் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். நானும் பாயின் மனைவியும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். அன்று கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவர் பேசவே இல்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை, பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

இன்று வெண்டைக்காய் வாங்கிப்போய், சமையலறை சன்னலுக்கு எதிரே போட்ட கட்டிலருகே உட்கார்ந்து நறுக்கினேன். "ஒண்ணாச்சும் ஒடியுதா பாருங்கம்மா. பாஜிக்காரன் என் தலையிலயும் கட்டிட்டான்."

அவர் வாயைத் திறந்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக் கம்பியைப் பார்த்தார். அதில் ஒன்றும் தொங்கவில்லை. இருந்தும் வாயை மூடிக்கொண்டார்.