நீட்டிய பெட்டி

அன்புள்ள அக்கா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் மாடியறையில் ஓடும் குறுகிய தண்டவாளப் பொம்மை ரயிலில் இன்று புதிய பெட்டி சேர்க்கப்பட்டது. முழுக்க முழுக்க என் கைவண்ணம்.

பழைய பெட்டியை நடுவில் அறுத்து, உனக்கும் அத்தானுக்கும் இரண்டு இருக்கை வைத்து நீட்டினேன். நீளம் கூடியதால், பாபநாசம் என்று நாம் பெயர் வைத்த அட்டைச் சுரங்கத்தின் வளைவில் இடித்து நின்றுவிட்டது.

உன் கல்யாணத்திலிருந்து உன் பேச்சையே எடுக்காத அப்பா எட்டிப் பார்த்தார்.

“இது யாருக்குலே?”

“அக்காவுக்கும் அத்தானுக்கும்ப்பா. எடுத்துரட்டுமா?”

“இருக்கட்டும்லே. சுரங்கத்தை அகலமாக்கு.”

நான் வெட்டியதில் சுரங்கமே சரிந்து விழுந்தது. கைவண்ணம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. புதுச் சுரங்கம் அப்பா கட்டியது. நீங்கள் குழந்தை குட்டியோடு வந்தாலும் இடிக்காது.

இப்படிக்கு,
பதவி இழந்த தலைமைப் பொறியாளர்,
உன் தம்பி