பன்னீர் சோடா டின்னில் ஊசித்துளை

ஜூலை 14, திங்கள்
காலையிலேயே சாரல். நான் காலாவதிச் சரக்கு விற்பதாக ராஜபாளையம் கடைத்தெருவில் பேச்சாம். தவறு. பன்னீர் சோடா டின்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்தபின் சோடா ஏஜென்சியை நான் நடத்துகிறேன். ஒரு பழைய டின்கூட வெளியே போனதில்லை.

கசிகிறது என்பது மட்டும் உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர் போனில்: "பெட்டி பூரா ஒழுகி எறும்பு மொய்க்குதும்மா. ஆடிப்பூரத் தேருக்கு ஒங்க சரக்கு வேண்டாம்."

குடோனில் அட்டைப்பெட்டி பிரிப்பவள் செல்வி. பிளேடு பட்டிருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பிளேடு அட்டையோட நிக்கும்மா. டின்னு வரைக்கும் போவாது" என்றாள். குடோன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, தன் ஊரான சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகட்டும்.

ஜூலை 15, செவ்வாய்
புழுக்கம். முழங்கால் தைலம் தீர்ந்தது. கசிந்த டின்கள் பன்னிரண்டு, செய்தித்தாள் மேல், பூதக்கண்ணாடியோடு.
நசுங்கல் - இல்லை.
வெயிலில் மூடி உப்பல் - இல்லை.
மூடி மடிப்பில் ஈரம் - இல்லை.
பிளேடு கீறல் - ஒன்றில்கூட இல்லை.
எல்லாம் அடிப்பக்கம். ஊசிமுனைத் துளை, சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பூ.

ஜூலை 16, புதன்
மதுரையிலிருந்து சோடா கம்பெனி ஆள் வந்தார். வெள்ளைப் பூவை நகத்தால் சுரண்டினார். "டின்ன எதுலயாவது கழுவுனீங்களாம்மா?"

கழுவினோம். போன மாதம் குடோனில் எலி. இருந்த ஒவ்வொரு டின்னையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவச் சொன்னேன். பரப்பிக் காயவைத்தால் தூசி என்று ஈரத்தோடு பெட்டியில் அடைக்கச் சொன்னதும் நான். அந்த ஈரம் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்குமாம். உள்ளே சோடாவின் அழுத்தம் வேறு. அதற்குப்பின் வந்த, கழுவாத இரண்டு பெட்டிகளைப் பிரித்தோம். ஒன்றும் கசியவில்லை.

செல்வி அன்றைக்கே சொன்னாள்: "நல்ல தண்ணில ஒருக்கா அலசி, செத்த நேரம் காயட்டும்மா." எனக்கு வேலை கற்றுத்தராதே என்றேன்.

வெளியே லோடு ஆட்கள், எனக்குக் கேட்காதென்று: "அந்தப் புள்ளைய அநியாயமா அனுப்பிட்டாவ. தப்ப ஒத்துக்க இனி அம்மா வாயத் தொறப்பாவளா?" "தொறப்பாவ. அடுத்தாள வையிறதுக்கு."

ஜூலை 17, வியாழன்
சாரல். செல்விக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை. மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், சேர்ந்துவிட்டாளோ? தேர்ச் சரக்கு போனது போகட்டும். இரண்டு தாள் எழுதிக் கிழித்து, மூன்றாவதைத் தபாலில் சேர்த்தேன். பிரதி:

செல்விக்கு,
டின்களைக் கெடுத்தது நீ அல்ல, நான். இன்று காலை குடோனில் எல்லோரையும் நிறுத்தி இதைச் சொல்லிவிட்டேன். நீ சொன்னபடி அலசிக் காயவைத்திருந்தால் இது நேர்ந்திராது. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை வருவாயா, மாட்டாயா? போனை எடுக்க மனமில்லாவிட்டால் எழுத்தில் பதில் அனுப்பு.