வாப்பாட காரில ஏறின பன்றி

அன்பு மகள் ஷிஃபானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவலில நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் தோஹாவில சுகமா இருப்பீங்க, நாங்களும் உடம்பால சுகம்தான், மனசுதான் நாறிப்போய்க் கிடக்கு. போன்ல கதைக்க ஏலாது, எடுத்தா உன்ட தங்கச்சி றிஷானா பக்கத்தில வந்து குந்திடுவாள், கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான், புள்ளையை அழ வைக்க எனக்கு மனமில்ல. அதனால எழுதி, அங்க வாற ஸஜ்ஜாத் மாமாட கையில குடுத்து விடுறன், வாசிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

போன வருசம் கொழும்பில இருந்து படம் எடுக்க வந்தாங்களே, ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில துறைமுகத்துக்குள்ள உளவாளிகள் ஓடித் திரியிற பகிடிப் படம் எண்டு, பழைய கார் தேடி வாப்பாட ஒஸ்டின் காரையும் கேட்டாங்க. நான் வேணாமெண்டன். அந்தக் கார் எங்கட குடும்பத்தில என்னத்துக்கு எண்டு உனக்குத் தெரியும், பொம்புளப் புள்ளைக்குக் கலியாணமெண்டா வாப்பாவே ஓட்டிப் போய் மாப்பிள்ளையைப் பின் சீட்டில ஏத்தி வந்து எங்கட வாசல்ல இறக்கோணும், உன்ட மாப்பிள்ளையும் அப்பிடித்தானே வந்தவர். இந்த மனுசன் கேட்டாத்தானே. நாலு நாள் காரோட போனவர், தன்னையும் ட்ரைவர் வேசத்தில எடுத்தவங்க எண்டு மட்டும் சொன்னவர், வேற கதையில்ல.

போன வெள்ளிக்கிழமை மண்டபத்தில அந்தப் படத்தைக் காட்டினாங்க. வாப்பா ஊரையே கூட்டிட்டார், மாப்பிள்ளை பஹ்மிட உம்மா ஸுல்பிகாவைக் கிண்ணியாவில இருந்து வரவழைச்சு முன் வரிசையில இருத்தினார். படமா அது, சீ! கோட்டை வாசல்ல அஞ்சு பழைய கார் ஒண்டையொண்டு துரத்துது, மீசைக்காரன் ஒருத்தன் சாரியைச் சுத்திக்கொண்டு ஓடுறான், ரேடியோப் பெட்டியைக் கோழிக்கூட்டுக்க ஒளிக்கிறானுகள். குண்டு விழுந்து செத்த சனத்தை ஒருத்தனும் நினைக்கல்ல. மறுகா எங்கட ஒஸ்டின் வருது. வாப்பா தொப்பி போட்டு ஓட்டுறார், பின் சீட்டில பன்றி. உயிர்ப் பன்றி, புள்ள! வெள்ளைக்காரத் துரை வளர்த்ததாம், அதிட வயித்தில துறைமுக வரைபடத்தைக் கட்டியிருக்காம். ஈரச் சேறும் எச்சிலுமா மாப்பிள்ளைமார் இருந்து வந்த அந்தச் சீட்டில உருளுது, வாப்பா திரும்பிப் பாத்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஸுல்பிகா முக்காட்டை இழுத்து விட்டு எழும்பிப் போயிட்டா.

ஒரு வருசமா நான் தொழுகை உடுப்போட அந்தச் சீட்டில இருந்து போனனான், பெருநாள் அண்டு மழையில நனைஞ்சு ஏறினனான், இவர் எல்லாம் தெரிஞ்சுகொண்டே கதவைத் திறந்து விட்டவர். நினைச்சா என்ட உடம்பே எனக்கு அருவருக்குது. கேட்டா, படத்தில அந்தத் துண்டை வெட்டிடுவம் எண்டு சொன்னவங்களாம், சவுக்காரம் போட்டுக் கழுவினவராம். சரி, ஏத்தக்குள்ள ஏன் வாய் திறக்கல்ல எண்டு கேட்டன். இந்த வயசில முதல் தரமா எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாங்க நஜ்மு, பன்றியை இறக்கச் சொன்னா என்னையும் இறக்கிடுவாங்க எண்டு பயந்திட்டன் எண்டார். பன்றியை விட அந்தக் கதைதான் எனக்கு அருவருப்பு. அழுகையும் வந்தது, அது வேற.

அடுத்த நாளே ஸுல்பிகா போன் எடுத்தா, பஹ்மி வேனில வருவான், அந்தக் காரைத் தங்கட வாசலுக்கு அனுப்ப வேணாமெண்டு. ஓம் எண்டு வச்சிட்டன். வாப்பா சாப்பிடாம மௌலவியிட்டப் போய்க் கேட்டு வந்து, சீட்டுறையைக் கிழிச்செறிஞ்சிட்டுக் கழுவத் தொடங்கினார், பன்றி பட்ட அசுத்தம் போக ஏழு தரம், அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால. நான் கிட்டப் போகல்ல, குசினி ஜன்னலால பாத்துக்கொண்டு நிண்டன். மனுசன் நாலாவதை அஞ்சாவதெண்டு எண்ணக்குள்ள உள்ளுக்க இருந்து சத்தம் போட்டனான், அவ்வளவுதான்.

நேத்துப் பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு தொழுகை உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் அந்தப் பின் சீட்டில ஏறிக் குந்தினன், கிண்ணியாவுக்கு விடுங்க எண்டன். பாலம் தாண்டி ஸுல்பிகாட வாசல்ல இறங்கி, அதே உடுப்போட அவட வீட்டுக்குள்ளயே மஹ்ரிபு தொழுதனான். அவ தூணைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டா. தொழுது முடியத் தேத்தண்ணி கொண்டு வந்து வச்சா, பஹ்மியை ஏத்த எத்தினை மணிக்கு வருவீங்க எண்டு கேட்டா. வாப்பா வெளியில காருக்குள்ளயே இருந்தார், நான் போய்ச் சொன்ன பிறகும் கன நேரம் காரை எடுக்கல்ல. அதுக்காக எனக்கு மனம் ஆறிட்டெண்டு நினைக்காத. முன்னுக்கு அவருக்குப் பக்கத்தில இருக்க இன்னும் மனமில்ல, திரும்பி வரக்குள்ளயும் பின்னாலதான் இருந்தனான்.

பிள்ளைகளுக்கு வெயில்ல கவனம், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்க எல்லாருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். ஒண்டை மட்டும் மறக்காத மகள், மருமகன் படத்தில வாற அந்தப் பன்றித் துண்டைப் போனில போட்டுக் கூட்டாளிமாருக்கெல்லாம் அனுப்பிச் சிரிக்கிறாராம், இண்டைக்கே அழிக்கச் சொல்லு. அதில தொப்பியோட இருக்கிறது உன்ட வாப்பா.

உன்ட உம்மா,
அ. நஜ்முன் நிஸா
திருகோணமலை