மையில் கூடிப்போன அயனோமர்

ஜனவரி 17, சனி

இனி இதில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன்.

முதல் உண்மை: ஸஹ்ராவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றாம் ஆண்டிலிருந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருந்தும்.

புஷ்பராணி டீச்சர் எங்கள் இருவரையும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனார். ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் செல்லை ஆளுக்கொன்று செய்ய வேண்டும். யாருடையது அதிக மின்சாரம் தருகிறதோ அவள்தான் அறிவியல் போட்டியில் மேடையேறிப் பேசுவாள். நான் பேச வேண்டும். ஒருமுறையாவது, அவளுக்கு முன்னால்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஹாஃபிஸ் அண்ணன், செல்லில் பூசும் மையைக் கலந்து காட்டினார். பிளாட்டினம் ஒட்டிய கரித்தூள், அதனோடு அயனோமர் என்ற பாலிமர் கரைசல் கொஞ்சம். தூரிகையால் கார்பன் தாளில் பூசி, காயவைத்து, மறுபடி பூச வேண்டும். ஸஹ்ராவிடம் மட்டும் கை நல்லா இருக்கு என்றார். கேட்காததுபோல் இருந்தேன்.

ஜனவரி 24

நூலகத்தில் படித்தேன். புரோட்டான்கள் பிளாட்டினத்தை அடைய அயனோமர்தான் பாதை. பாதை அகலமானால் நல்லதுதானே?

இரண்டு மடங்கு ஊற்றினேன். ஹாஃபிஸ் அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஸஹ்ராவின் காதிலும் விழுந்துவிடும்.

ஜனவரி 31

தோற்றுவிட்டேன்.

தொடக்கத்தில் இரண்டும் சமம். மின்சாரத்தை அதிகமாக இழுக்க இழுக்க என் செல்லின் வோல்ட் சரிந்துகொண்டே போனது. அவளுடையது தாங்கி நின்றது. எவ்வளவு ஊற்றினாய் என்று ஹாஃபிஸ் அண்ணன் கேட்டார். சொன்னேன்.

"அது பிளாட்டினத்தை ரொம்ப இறுக்கிப் பிடிச்சிக்கும்லா, தங்கச்சி. அப்புறம் ஆக்ஸிஜன் எங்க வந்து உக்காரும்?"

அயனோமரின் கிளை நுனிகளில் உள்ள கந்தகக் குழுக்கள் பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளுமாம். அளவு மீறினால் ஆக்ஸிஜன் உள்ளே வர வழியிருக்காதாம். நான் படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும்.

பஸ்ஸில் ஸஹ்ரா சொன்னாள்: "நீ என்கிட்ட சொல்லியிருந்தா நானும் அதையேதான் ஊத்தியிருப்பேன். நீதானே எல்லாம் படிக்கிறவ."

ஆறுதலா, குத்தலா? எரிச்சலா வருது. இவளுக்கு மட்டும் ஏன் எல்லாம் — போதும்.

பிப்ரவரி 1, தைப்பூசம்

தண்ணீர்மலைக் கோயிலில் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வாய்வரை வந்தது, அவளுடைய செல் கெட்டுப்போக வேண்டும் என்பதுதான். முருகனிடம் அதை எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 7

நான்கு செல்களை அடுக்கினால்தான் போட்டியில் காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். ஸஹ்ராவின் அளவிலேயே இன்னும் மூன்று செய்தோம். இரண்டை நான் பூசினேன், அயனோமரைச் சொட்டுச் சொட்டாக விட்டு. போட்டிக்கான அட்டையில் அவள் பெயர் மட்டும்.

பிப்ரவரி 14

ஜுரு ஊரில் போட்டி. ஸஹ்ரா நன்றாகப் பேசினாள். நான் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன்.

நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, விளக்கு எரியவில்லையே என்றார். எரிந்துகொண்டுதான் இருந்தது. மண்டபத்தின் வெளிச்சத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். ஸஹ்ரா கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

நான் சுவரோரமாக, சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சும்மா நின்றேன், கொஞ்ச நேரம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு மண்டபத்து விளக்குகளையெல்லாம் அணைத்தேன்.