ஐரீன் சொல்லாமல் போன காரணம்

நோபல் பார்க்,
மெல்பேர்ண்.
17.10.1976

என் பிரியமுள்ள தம்பி இந்திரனுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சுகம். நீயும் சுகமாய் இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இதற்கு ஏரோகிராம் போதாது என்பதால் பெரியவளின் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். முழுவதையும் வாசி. இடையில் கோபம் வரும், அதற்காக மடித்து வைத்துவிடாதே.

முதலில் வீட்டுச் செய்திகள். இங்கே குளிர் விட்டுவிட்டது. அத்தான் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கத்தரி வைக்க இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் என்றாராம். அத்தான் அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த மனிதரோடு கதைக்கவில்லை. சின்னவன் பள்ளிக்கூடத்தில் நீந்தப் பழகுகிறான். இங்கிலாந்து மாமாவின் வள்ளத்தில் இருந்து விழுந்தாலும் இனிப் பயமில்லையாம்.

கோப்பாயில் இருந்து அம்மாவின் கடிதமும் வந்தது. இடுப்பு நோ குறைந்திருக்கிறது. நீ குடியிருக்கிற வள்ளத்தின் பெயர் மேரி ஆன் என்பது மூன்று வருடமாகியும் அவவுக்குச் சரியாய்ப் பிடிபடவில்லை. மேரி ஆனைத் தண்ணீரில் இருந்து தூக்கி அடியெல்லாம் கறுப்புப் பூச வேண்டும் என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு, வெள்ளைக்காரியை ஏன் அப்படி வதைக்கிறான் என்று எனக்கு எழுதியிருக்கிறா. இரும்பு வள்ளம், துருப்பிடியாமல் இருக்கத் தார் பூசுவது என்று விளக்கி எழுதினேன். அயலட்டைக்கு மட்டும் நீ கால்வாய்க் கரையில் வீடு வாங்கியிருக்கிறாய் என்றே சொல்லி வருகிறா.

உன் கடிதம் போன செவ்வாய் வந்தது. வள்ளத்தை விற்கப் போகிறேன், மெல்பேர்ணுக்கு வரச் சம்மதம், அக்கா கொண்டுவந்த குடிவரவுப் போமை அனுப்பிவிடுங்கோ என்று எழுதியிருக்கிறாய். இதைக் கேட்கத்தான் நான் இரண்டு வருடமாய்க் காத்திருந்தேன். அத்தான் அன்றைக்கே பெயின்ற் வாங்கிவந்து பின்னறைச் சுவரைப் பூசத் தொடங்கிவிட்டார். நான் குசினிக் கதிரையில் கடிதத்தை மடியில் வைத்தபடி இருந்துவிட்டேன். ஏன் இப்பிடி இருக்கிறீர், தம்பி வாறான் எண்டால் சந்தோசப்பட வேண்டாமோ என்று அவர் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் நான் உன்னிடம் வந்தது உன்னைப் பார்க்க மட்டுமல்ல. என் பெட்டியில் அந்தப் போமும், கொழும்பில் தரகர் தந்த கமலினி என்ற பிள்ளையின் படமும் இருந்தன. நீ போமை வாங்கி ஒரு புத்தகத்துக்குள் வைத்தாய், நான் புறப்படும்போது திருப்பித் தந்துவிட்டாய். படத்தைப் பார்க்கவே இல்லை. முப்பத்தெட்டு வயதில் ஏழடி அகல இரும்புப் பெட்டிக்குள், வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு என் தம்பி தனியே கிடக்கிறானே என்று நினைத்துத்தான் வந்தேன்.

நீ தனியே இல்லை என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். பக்கத்து வள்ளத்தில் இருக்கிறவ, பேர் ஐரீன், கிராமத்து நூலகத்தில் வேலை செய்யிறா என்று மட்டும் சொன்னாய். ஆனால் அவளுடைய வள்ளத்துக்குள் நான் போனபோது, அம்மா இடித்து உனக்கு அனுப்பிய மிளகாய்த்தூள் போத்தல் அவளது அடுப்புக்கு மேலே, பாதி முடிந்து, இருந்தது. உன் வேலையிடத்தில் எல்லாரும் உன் பெயரை வெள்ளைக்காரப் பெயராக்கி, ஆண்டி என்று கூப்பிடுகிறார்கள் என்றாய். அவள் உன்னை இந்திரகுமார் என்று ஒரு எழுத்தும் குறையாமல் கூப்பிட்டாள். பெண்களுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மழையில்லாமல் கால்வாய் வற்றி, வள்ளங்களை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்குகிற லொக் தொட்டிகளின் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள் என்று நாங்கள் ஆறு நாள் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடந்தோமே, அதில் ஐந்தாம் நாள் நீ காஸ் சிலிண்டர் வாங்கக் கிராமத்துக்குப் போனாய். ஐரீன் தன் தொட்டியில் காய்த்த பயற்றங்காயைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். உனக்குக் கொழும்பில் பெண் பேசி முற்றாகிவிட்டது, தையில் கல்யாணம், பிறகு மெல்பேர்ணுக்கு வந்துவிடுவாய் என்று சொன்னேன். படத்தையும் எடுத்துக் காட்டினேன். அம்மா நோயாளி, அவவுக்கு ஒரே ஆண்பிள்ளை, நீங்கள் அவனுக்கு நல்ல சிநேகிதி என்றால் அவன் வழியில் நிற்கக் கூடாது என்றேன். எனக்கு ஆங்கிலம் தடக்கும் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சொல்லும் தடக்கவில்லை.

அவள் படத்தை வாங்கிப் பார்த்து, இந்தப் பெண்ணின் கண்களில் நல்ல குணம் தெரிகிறது என்றாள். இந்திரகுமார் இதை என்னிடம் சொல்லவில்லை என்றாள். பிறகு எழுந்து தன் கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னது முழுப் பொய், தம்பி. நீ ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. கமலினி வீட்டாருக்குக் கூட நான் அதுவரை ஒன்றும் எழுதவில்லை.

அன்று பின்னேரமே மழை பிடித்ததும், மறுநாள் லொக்கை இரண்டு மணித்தியாலம் திறக்க விட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்க இரண்டிரண்டு வள்ளமாய்த்தான் இறங்க வேண்டும் என்றார்கள். எங்களுக்குச் சோடி ஐரீனின் வள்ளம். நீ கரையில் நின்று லொக்கின் கீழ்க்கதவால் தண்ணீரை வடிய விட்டாய். மேரி ஆனின் சுக்கானைப் பிடிக்க நான்தான் ஆசைப்பட்டேன். முன்னுக்கே நில்லுங்கோ அக்கா, பின்னாலை வெள்ளைக் கோட்டுக்கு அங்காலை போயிடக் கூடாது, அடியிலை கற்படி இருக்கு என்று மூன்று தரம் சொன்னாய்.

வள்ளம் பின்னால் போனதற்குக் காரணம் என் கவனயீனம் என்றுதான் நீ இன்றுவரை நினைக்கிறாய். காரணம் அதுவல்ல. ஐரீன் இரண்டு முழத் தூரத்தில் தன் சுக்கானோடு நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மற்றப் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் கோட்டைப் பார்க்கவில்லை.

தண்ணீர் இறங்க இறங்க மேரி ஆனின் பின்புறம் கற்படியில் ஏறி இருந்துவிட்டது. முன்புறம் மட்டும் கீழே போகத் தொடங்கியது. உள்ளே கோப்பைகள் எல்லாம் சரிந்து உடைகிற சத்தம் கேட்டது. நீ கரையின் மற்ற முனையில் நின்றாய், உனக்கு நான் தெரியவில்லை. நான் சுக்கானையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் சத்தம் போட்டது அவள். தண்ணியை அடை, தண்ணியை அடை என்று உனக்குக் கத்திக்கொண்டே தன் வள்ளத்தை விட்டுவிட்டு, சரிந்துகொண்டிருந்த எங்கள் வள்ளத்துக்கு ஒரே எட்டில் வந்தாள். ஒரு கையால் கூரைக் கம்பியையும் மற்றக் கையால் என் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். நீ கீழ்க்கதவை அடைத்து, ஓடிப்போய் மேலால் தண்ணீர் விட்டு, வள்ளம் மெல்ல மெல்ல மிதந்து நிமிரும்வரை அவள் என்னை விடவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் ராணி, கீழே பார்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முந்தின நாள் நான் அப்படிப் பேசியிருந்தேன். அடுத்த நாள் அவள் இப்படிச் செய்தாள். கரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபோது அவளிடம் நன்றி சொன்னேன். அத்தோடு உண்மையையும் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். விடிந்தபோது அவளுடைய வள்ளம் கட்டியிருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

ஐரீன் இப்பிடிச் சொல்லாமல் போக மாட்டா, என்ன நடந்தது எண்டு தெரியேல்லை அக்கா என்று நீ என்னிடம் கேட்டாய். நான் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகும் நாலு நாள் உன்னோடு இருந்து, உன் கையால் சாப்பிட்டு, விமானம் ஏறி வந்துவிட்டேன். நீ வள்ளத்தை விற்பதற்கு வேறு ஆயிரம் காரணம் எழுதியிருக்கிறாய், மின்கலம் பழசு, குளிர் கூட, நகரசபை கெடுபிடி என்று. ஒன்றையும் நான் நம்பவில்லை.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெயின்ற் பிரசைக் கழுவி வைத்தார். பிறகு, இதை அவனுக்கு எழுதாமல் விட்டீர் எண்டால், அவன் இஞ்சை வந்து இறங்கேக்கை நான் என்ன முகத்தோடை எயாப்போட்டுக்குப் போறது என்று மட்டும் கேட்டார். சுவர் பாதி பூசினபடி நிற்கிறது.

அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். இந்திரனுக்கு ஒருத்தி இருக்கிறாள், நூலகத்தில் வேலை, உன் மிளகாய்த்தூளைப் பாதிக்கு மேல் சாப்பிட்டு முடித்துவிட்டாள் என்று எழுதினேன். அழுவா. பிறகு என்ன தூள் அனுப்ப வேண்டும் என்று கேட்பா. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அது என் பொறுப்பு.

போம் இத்துடன் இருக்கிறது. அதை ஒளித்து வைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் அதில் கை வைப்பதற்கு முன் மார்க்கெற் ஹார்பரோவுக்குப் போ. குளிர்காலத்தில் வள்ளத்தை அங்கே, தமக்கையின் வீட்டுக்குக் கிட்டத்தான் கட்டுவது வழக்கம் என்று ஐரீன் முதல் நாள் என்னிடம் சொன்னாள். தமக்கையின் வீட்டுக்குப் பச்சைக் கதவாம். மனிதர் நடக்கிற வேகத்தில் போகிற வள்ளம், ஏழு கிழமையில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? வழியில் எத்தனை லொக் இருந்தாலும் பரவாயில்லை, நீ போ.

அவளுக்கு நான் தனியே எழுதலாம் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் மன்னிப்புக் கேட்பதும் பொய் மாதிரியே இருக்கும். ஆகவே இந்தக் கடிதத்தை நீயே அவளுக்கு மொழிபெயர்த்து வாசி. நான் பிழை விட்ட இடங்களில் அக்கா பாவம் என்று குரலைத் தணிக்காதே. எழுதியிருக்கிறபடியே வாசி.

நீ என்னோடு கோபித்துக்கொண்டு கொஞ்சக் காலம் எழுதாமல் இருந்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன். திரும்ப எழுதும்போது, எழுதுகிற தாளின் அடியில் ஒரு பெயருக்குப் பதிலாக இரண்டு பெயர் இருந்தால் எனக்கு வேறு பதில் வேண்டாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் நல்லாயிருக்க வேண்டும்.

உன் அக்கா,
யோகராணி