பத்துக்கு மூன்று

மார்ச் 4
சங்கத்து வாட்ஸ்அப்பில் என் குரல் பதிவு போய்விட்டது. லண்டன் பயணிகளுக்குப் பத்திரமான ஊரா என்று கேட்டிருந்தார்கள். போய்வந்து பத்து நாள்தான் ஆகிறது. என்னை விட்டால் யார் சொல்வது? பத்துக்கு மூன்று கொடுத்தேன். நடுத்தெருவில் மோட்டார் சைக்கிளில் வந்தவன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிய கதையையும் சொன்னேன். முப்பத்தேழு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

கதைதான். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். போன் போனது லண்டன் கோயில் வாசலில். இங்கே தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் செய்வதுபோலவே சப்பாத்தைக் கழற்றி, போனை உள்ளே செருகி, மேலே காலுறையைத் திணித்துவிட்டுக் கும்பிடப் போனேன். திரும்பி வந்தால் சப்பாத்து மட்டும் இருக்கிறது. காலுறையைக்கூட விடவில்லை, பாவி! முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கிளார்க். ஊருக்கெல்லாம் ஜாக்கிரதை சொன்னவன் போனைச் சப்பாத்தில் வைத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 5
லண்டன் குளிரில் என் கால் சுருங்கிவிட்டதோ? சப்பாத்து தொளதொள என்கிறது.

மார்ச் 7
என் பதிவைக் கேட்டுவிட்டு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வள்ளிநாயகி அக்கா பேசினாள். அவள் மகன் சிவகரனுக்கு லண்டனில் பிள்ளை பிறந்திருக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் முடி இறக்கும் சடங்குக்குப் போவதாக இருந்தாள். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன் தம்பி. நீ ஆம்பளை, உன் கையிலேயே பிடுங்குறான். நான் தனியா போய் என்ன செய்வேன், சொல்லு?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். "அதுவும் சரிதான் அக்கா" என்றேன். என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 2
இன்று முப்பத்தொன்று. அக்கா வீடியோவில் பார்த்தாளாம். படம் விட்டு விட்டு வந்ததாம்.

ஏப்ரல் 6
சிவகரன் கூப்பிட்டான். "மாமா, அந்த மோட்டார்க்காரன் ரொம்ப நல்லவன் லா. உங்க போனைக் கோயில் ஆபீஸ்ல, உங்க சப்பாத்துக்குள்ளயே வெச்சிட்டுப் போயிருக்கான். காலுறையோட!"

பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் பார்த்திருக்கிறான். போன் உறையில் இருந்த பெயர். இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தார்களாம். அன்று என்னுடையதைப் போலவே கறுப்புச் சப்பாத்தோடு வந்த ஒரு வயதானவர், தன்னுடையதைக் காணாமல், கழிப்பறைச் செருப்போடு அந்தக் குளிரில் வீட்டுக்குப் போனாராம்.

போய்ச் சப்பாத்தின் அடியைப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர். என் கால் எட்டு.

அந்த ஊரில் நான் கண்ட ஒரே திருடன் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 7
அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"முடி எறக்குறதுக்கு முன்னாடி அந்தத் தலையைத் தொட்டுப் பாக்கணும்னு இருந்தேன் தம்பி. எடுத்துட்டாங்க" என்றாள். பிறகு எனக்கு டீ கலக்கப் போனாள்.

ஏப்ரல் 8
சங்கத்துக்கு இரண்டாவது பதிவு. நடந்தது முழுக்க. கும்பிடு ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 26
அக்கா புது டிக்கெட் எடுத்துவிட்டாள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அந்த ஒன்பதாம் நம்பர் சப்பாத்தைப் பாலிஷ் போட்டு, அந்தக் கோயிலில் ஒப்படைக்கச் சொல்லிக் கொடுத்தேன், பெட்டியில் வைத்துக்கொண்டாள். உள்ளே போகும் நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பயமில்லை அக்கா, நல்ல ஊர்தான்."

"அதை நீ சொல்லாதே தம்பி" என்றாள். "நானே போய்ப் பாத்துக்கிறேன்."