அப்பாவின் நாற்காலியும் ஆடாத துளியும்

என் தங்கமே,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, நீயாவது அங்கே நன்றாக இருக்க வேண்டும். வீட்டு நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் இதை எழுதி, நர்ஸிடம் கெஞ்சிப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆமாம்மா, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் போய்விட்டது, காது மட்டும் கேட்கிறது. இதயமும் சோர்ந்துவிட்டது, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ கோபித்துக்கொண்டு போனை வைத்தாயே, அந்த எண்ணெய்த் துளி விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவில் துளி. மேல் கம்பியைச் சூடாக்கினால் துளியின் தோல் குளிர்ந்த பக்கமாக இழுபட்டு, எண்ணெய் சாதுவாகச் சுற்றும், சூட்டு வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் அந்த ஓட்டம் ஊசலாடத் தொடங்கும் என்று நீதானே எனக்கு விளக்கினாய். அந்த அளவை நீ கண்டுபிடித்தாய். இந்த மனுஷன், கல்லூரியில் பாடம் எடுத்த மிதப்பில், பின்னறை மேசையில் அதையே செய்து பார்த்துவிட்டு, துளி ஆடவே இல்லை, உன் கணக்கு தப்பு, நீ அவசரக்குடுக்கை என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்.

போன வாரம் அறையைப் பெருக்கப் போனவள், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றேன். கீழ்க் கம்பிக்கு ஐஸ் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாய் அவர் நாற்காலிக் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது! தெர்மாமீட்டரோ ஐஸ் பாத்திரத்துக்குள். கம்பி குளிர்ந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், கீழேயும் சூடேறிவிட்டால் துளி எப்படி ஆடும்? குழாயை எடுத்துவிட்டு மறுபடி சூடேற்றினார். ஓட்டம் கண்ணுக்குத் தெரிய எண்ணெயில் கலந்திருந்த வெள்ளிப்பொடி துளிக்குள் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது, நீ சொன்ன அதே அளவில். "நானே மேல உக்காந்து அமுக்கிட்டு, புள்ளையத் தப்பு சொல்லிட்டேனே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. உடனே அவளிடம் சொல்லுங்கள் என்றேன், கேட்டாரா? இப்போது பேசினால் குரல் உடைந்துவிடும், நாளைக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு உளறாதே என்றார். மறுநாள் காலையில்தான் விழுந்தார்.

இப்போது இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகுகிறார். நர்ஸ் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கிறாள். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். கிளம்பி வா. ஆனால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே, முதலில் போன் பண்ணு, அவர் காதில் வைக்கிறேன்.

எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அவருடையதையும் சேர்த்து நானே எழுதுகிறேன். வெறும் வயிற்றோடு பயணம் கிளம்பாதே. போனில் மன்னிப்பு அது இது என்று எதுவும் வேண்டாம், அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாப்பா என்று மட்டும் சொல். ஏன் முந்திக்கொண்டாய் என்று அவர் ஒரே ஒரு தடவை வாய் திறந்து என்னைத் திட்டட்டும், அது போதும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா